விளக்கு எரிகிறது, குரல் வரவில்லை: வர்ணனையாளர் கன்சோல் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

மைதானத்தில் வர்ணனையாளரின் மேசைமேல் இருக்கும் கன்சோல் பார்வைக்குச் சின்னப் பெட்டிதான். ஹெட்செட் செருக ஓர் இடம், காதில் கேட்கும் அளவைக் கூட்டிக் குறைக்க இரண்டு திருகிகள், ‘ஆன் ஏர்’ (குரலை ஒளிபரப்புக்கு அனுப்ப), ‘காஃப்’ (இருமும்போது மைக்கை அணைக்க), ‘டாக்பேக்’ (இயக்குநரிடம் தனியாகப் பேச) என்று மூன்று பட்டன்கள். ஆனால் அதைச் சுற்றி மூன்று தனித்தனி மின்சாரம் வேலை செய்கிறது. ஒன்று, பெட்டியையே இயக்குவது. இன்னொன்று, பெட்டியிலிருந்து மைக்குக்குப் போகும் 48 வோல்ட் பேன்டம் பவர். மூன்றாவது, ஓபி வேனிலிருந்து (ஒளிபரப்பு வண்டி) வரும் ஐஎஃப்பி கம்பியில் (இயக்குநர் குரல் காதுக்கு வரும் வழி) ஒலியோடு சேர்ந்தே வருவது. “மைக் போயிடுச்சு”, “பெட்டி போயிடுச்சு” என்று என்னிடம் வரும் புகார்களில் மைக்கோ பெட்டியோ உண்மையிலேயே கெட்டிருப்பது அரிது. மூன்றில் ஏதோ ஒரு மின்சாரம் வர வேண்டிய இடத்துக்கு வந்திருக்காது. அல்லது வரக்கூடாத இடத்துக்கு வந்திருக்கும்.

அதனால் அறிகுறி எதுவானாலும், இந்த மூன்றில் எது என்று முதலில் கேளுங்கள். அப்புறம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மாற்றுங்கள். கேபிள், மைக், போர்ட் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் சத்தம் வந்துவிடும், எதனால் வந்தது என்று தெரியாது. பழுதான கேபிள் மறுபடி பைக்குள் போய், அடுத்த ஆட்டத்தில் திரும்பி வரும்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், நல்லது என்று உறுதியாகத் தெரிந்த எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்குக்குப் போடும் வட்ட பிளக் கேபிள்) ஒன்று, ஈதர்நெட் கேபிள் ஒன்று, சாதாரண டைனமிக் கை மைக் ஒன்று, பிஓஇ இன்ஜெக்டர் (ஈதர்நெட் கேபிளில் மின்சாரம் ஏற்றும் பெட்டி) ஒன்று. இவற்றோடு ஒரு டம்மி பிளக்கும் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: ஆண் எக்ஸ்எல்ஆர் ஒன்றில் 2-ஆம் பின்னுக்கும் 3-ஆம் பின்னுக்கும் நடுவே 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சால்டர் செய்தால் போதும். எங்கே பயன்படும் என்று கீழே வருகிறது.

பெட்டியில் விளக்கே எரியவில்லை

இப்போது வரும் கன்சோல்களில் பல ஈதர்நெட் கேபிள் வழியாகவே மின்சாரம் எடுப்பவை. இங்கே அதிகம் குழப்புவது, பிஓஇ என்ற ஒரே பெயரில் இரண்டு வகைச் சரக்கு கடையில் கிடைப்பதுதான். 802.3 ஏஎஃப் தரத்தில் உள்ள சுவிட்ச், கேபிளின் மறுமுனையில் மின்சாரம் வாங்கத் தெரிந்த கருவி இருக்கிறதா என்று குறைந்த வோல்டேஜில் முதலில் சோதிக்கும். சுமார் 25 கிலோ ஓம் தெரிந்தால்தான் 44 முதல் 57 வோல்ட் வரை அனுப்பும். ‘பேசிவ் பிஓஇ’ என்பது அப்படி எதுவும் கேட்காது, 24 வோல்ட்டையோ வேறு எதையோ நேரடியாகத் தள்ளிவிடும். வைஃபை கருவிகளோடு வரும் இன்ஜெக்டர்களிலும் மலிவான சிசிடிவி சுவிட்சுகளிலும் இந்த வகை உண்டு. அதில் கன்சோலைச் செருகினால் விளக்கு எரியாது. அதோடு போனால் நல்லது. சுவிட்சின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் ‘802.3 ஏஎஃப்’ அல்லது ‘ஏடி’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வெறுமனே பிஓஇ என்று மட்டும் இருந்தால் நம்பாதீர்கள்.

சுவிட்ச் சரியானதுதான் என்றால் கேபிளைப் பாருங்கள். எட்டுக் கம்பியில் நான்கு மட்டும் (1, 2, 3, 6) இணைத்துக் கிரிம்ப் செய்த கேபிள்கள் நம் ஊரில் நிறைய சுற்றுகின்றன. அதில் 100 மெகாபிட் டேட்டா நன்றாகவே ஓடும். ஆனால் இன்ஜெக்டர்களில் பல, மின்சாரத்தை மீதி நான்கில் (4, 5, 7, 8) அனுப்புபவை. லேப்டாப்பில் செருகிப் பார்த்துவிட்டு “கேபிள் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்வது இதனால்தான் செல்லாது. எட்டும் இணைந்திருக்கிறதா என்று கேபிள் டெஸ்டரில் பாருங்கள்.

அடாப்டரில் இயங்கும் பெட்டி என்றால், முனையில் மீட்டரை வைத்து வோல்டேஜ், துருவம் இரண்டையும் பாருங்கள். நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்ற படம் அடாப்டரிலும் இருக்கும், பெட்டியிலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கேமரா பேட்டரியிலிருந்து நான்கு பின் எக்ஸ்எல்ஆர் வழியாக 12 வோல்ட் எடுத்தால் 1-ஆம் பின் மைனஸ், 4-ஆம் பின் பிளஸ்.

12 வோல்ட்டை மெல்லிய கம்பியில் தூரமாக இழுப்பது இன்னொரு வழக்கமான காரணம். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 30 மீட்டர் இழுத்தால், போக வர 60 மீட்டருக்கு இரண்டு ஓமுக்குச் சற்று அதிகமாகத் தடை வரும். பெட்டி 1 ஆம்பியர் எடுத்தால் இரண்டு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையும். அடாப்டர் முனையில் 12 காட்டும், பெட்டியில் 10கூட இருக்காது. எனவே, அளப்பதைப் பெட்டியின் பக்கத்தில், பெட்டி ஓடும்போதே அளக்க வேண்டும்.

எரிகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது

சுவிட்சின் மொத்த வாட் தீர்ந்திருக்கும். ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட் அதிகபட்சம் 15.4 வாட் தரலாம், தூரத்தில் உள்ள கருவிக்கு 12.95 வாட் உறுதி. ஆனால் எட்டு போர்ட்டுக்கும் சேர்த்து அவ்வளவு தரும் திறன் எல்லாச் சுவிட்சுக்கும் கிடையாது. இரண்டு கேமராவையோ வைஃபை கருவியையோ கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் தெரிந்தது. நிற்கவில்லை என்றால் செம்புப் பூச்சு பூசிய அலுமினியக் கேபிளாக இருக்கலாம், அல்லது ஆர்ஜே45 கிளிப் உடைந்து மேசை அசையும்போதெல்லாம் பிளக் நழுவிக்கொண்டிருக்கலாம்.

பெட்டி உயிரோடு இருக்கிறது, மைக்கில் குரல் இல்லை

அதிகம் வரும் புகார் இதுதான். இதற்கு நேரம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பட்டன். ‘ஆன் ஏர்’ பட்டன் சில கன்சோல்களில் ஒரு தட்டு தட்டினால் ஆன், மறு தட்டில் ஆஃப். வேறு சிலவற்றில் அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் ஆன். உள்ளே அமைப்பை மாற்றி வைத்திருந்தால் வர்ணனையாளருக்குத் தெரியாது. பட்டனின் நிறத்தை அவரிடம் கேட்காமல் நீங்களே போய்ப் பாருங்கள்.

அப்புறம் மைக் எந்த வகை என்று பாருங்கள். டைனமிக் மைக்குக்கு மின்சாரம் வேண்டாம். கன்டென்சருக்குப் பேன்டம் பவர் இல்லாமல் உயிரே இல்லை. ஹெட்செட்டில் இது வெளியே தெரியாது. பேயர்டைனமிக் டிடி 290, டிடி 297 இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பார்க்க ஒன்றுபோல இருக்கும். முன்னதில் டைனமிக் மைக், பின்னதில் கன்டென்சர். ஒன்றைக் கழற்றி மற்றதைச் செருகியவர் பேன்டம் சுவிட்சைத் தொடவில்லை என்றால் அமைதிதான்.

பேன்டம் ஆனில் இருந்தும் வரவில்லையா? மைக்கைக் கழற்றிவிட்டு, கேபிளின் மைக் முனையில் மீட்டரை வையுங்கள். கன்சோலின் வாயிலில் அளந்தால் கேபிள் பழுது தெரியாமல் போய்விடும். மீட்டரை டிசியில் வைத்து,

1-க்கும் 2-க்கும் நடுவே: 48 வோல்ட் (44 முதல் 52 வரை ஏற்கலாம்).
1-க்கும் 3-க்கும் நடுவே: அதே அளவு.
2-க்கும் 3-க்கும் நடுவே: பூஜ்யம்.

மூன்றும் சரி என்றால் கன்சோலும் கேபிளும் நல்லவை, மைக்கைச் சந்தேகப்படுங்கள். எங்குமே ஒன்றும் இல்லை என்றால் 1-ஆம் பின் அறுந்திருக்கலாம், அல்லது பேன்டமே ஆன் ஆகவில்லை. ஒரு பக்கம் 48, மறு பக்கம் பூஜ்யம் என்றால் கேபிளில் ஒரு கம்பி அறுந்திருக்கிறது, இல்லை ஷீல்டில் (கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோக இழை உறை) ஒட்டியிருக்கிறது.

1-ஆம் பின் அறுந்த கேபிள் ஆளை ஏமாற்றும். மின்சாரம் 2, 3 இரண்டிலும் சமமாகப் போய் 1 வழியாகத்தான் திரும்பி வருகிறது. திரும்பும் வழி அறுந்ததால் கன்டென்சர் செத்துப்போகும். ஆனால் அதே கேபிளில் டைனமிக் மைக்கைச் செருகினால் சற்று இரைச்சலோடு பேசும். உடனே “கேபிள் நல்லது, மைக் கெட்டது” என்று முடிவு கட்டி, நல்ல கன்டென்சரைப் பழுதுபார்க்க அனுப்பிவிடுவார்கள். டைனமிக் பேசுகிறது, கன்டென்சர் பேசவில்லை என்றால் முதல் குற்றவாளி 1-ஆம் பின்தான்.

கனெக்டரின் பின்மூடியைத் திருகிக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ஷீல்டு இழைகள் எல்லாம் முறுக்கிச் சேர்க்கப்பட்டு 1-ஆம் பின்னில் ஈயத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும். அதிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரே ஒரு இழை பிரிந்து பக்கத்துப் பின்னின் சால்டர் கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். கேபிள் நேராக இருக்கும்போது தொடாது, மேசை விளிம்பில் மடியும்போது தொடும். கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி தளர்ந்திருந்தால், யாரோ காலால் இடறியபோது இழுபட்ட பாரம் முழுவதும் ஈயத்தின்மேல் விழுந்து சால்டர் மங்கி விரிசல் விட்டிருக்கும். மீட்டரைக் கன்டினியுட்டியில் வைத்துக் கேபிளை வளைத்துக்கொண்டே பாருங்கள். அசையாமல் வைத்துச் சோதித்தால் இது பிடிபடாது.

மைக் செருகியிருக்கும்போது அளந்தால் 48 இருக்காது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு காலிலும் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. மைக் மொத்தம் 3 மில்லி ஆம்பியர் எடுத்தால் காலுக்கு 1.5, அதில் 10 வோல்ட் இறங்கி 38 காட்டும். அது இயல்பு.

ஐந்து பின் எக்ஸ்எல்ஆர் ஹெட்செட்டில் இன்னொரு முடிச்சு உண்டு. ஸ்டீரியோ ஹெட்போனுக்கு மூன்று பின் போய்விட்டால் மைக்குக்கு மிஞ்சுவது இரண்டுதான். பேன்டம் முறையாக ஓட மூன்று வேண்டும். அதனால்தான் கன்டென்சர் வைத்த ஹெட்செட்டுக்கு ஆறு பின் தேவைப்படுகிறது, அல்லது மைக்குக்குத் தனி எக்ஸ்எல்ஆர், ஹெட்போனுக்குத் தனிப் பிளக் என்று பிரித்த வால். எந்தப் பின் எதற்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பின்கள் பொருந்துகின்றன என்பதற்காக வயரிங்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாமல் இரண்டு கையேட்டின் படத்தையும் ஒப்பிடுங்கள்.

குரல் வருகிறது ஆனால் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றால் கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) போதவில்லை. ஷூர் எஸ்எம்7பி போன்ற டைனமிக் மைக்குக்கு 60 டெசிபல் கெயின் தேவை. சின்னக் கன்சோல்கள் சிலவற்றில் அவ்வளவு இருக்காது, இருந்தாலும் கடைசிப் படியில் இரைச்சல் ஏறும். கெயின் போதுமான அளவு இருந்தும் குரல் ஒல்லியாக, அடித்தொனியே இல்லாமல் வந்தால் 2 அல்லது 3 அறுந்திருக்கிறது.

செல்போன் இயர்போன் மைக்கையோ கேமிங் ஹெட்செட்டையோ வெறும் மாற்றுப் பிளக் போட்டுக் கன்சோலில் செருகாதீர்கள். அந்த மைக் சில வோல்ட்டில் வாழ்வது. 48 வோல்ட் நேராகப் போனால் செத்துவிடும். வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் சர்க்யூட் உள்ள அடாப்டர் தனியாகவே விற்கிறது.

குரல் வருகிறது, கூடவே ஹம் (‘ம்ம்’ என்ற தொடர் ஓசை)

மைக்கைக் கழற்றி அந்த இடத்தில் டம்மி பிளக்கைச் செருகுங்கள். ஹம் போய்விட்டதா? மைக்கிலோ அதன் கேபிளிலோ இருக்கிறது, பெரும்பாலும் ஷீல்டுதான். போகவில்லையா? மின்சாரத்திலிருந்து வருகிறது. அடுத்து, கன்சோலைப் பேட்டரியிலோ பிஓஇயிலோ ஓட்டிப் பாருங்கள். அப்போது போய்விட்டால் அடாப்டர்மேல் பழி. அப்போதும் இருந்தால் வேனுக்கும் மேசைக்கும் நடுவே எர்த் லூப்.

மைதானங்களில் இது வருவதற்குக் காரணம் எளிது. வேன் ஜெனரேட்டரில் ஓடும், வர்ணனை அறை மைதானத்தின் சப்ளையில் ஓடும். இரண்டு எர்த்துக்கும் இடையே சில வோல்ட் வித்தியாசம் இருக்கும். ஒலிக் கேபிளின் ஷீல்டு இரண்டையும் இணைத்தவுடன் அதன் வழியாக மின்சாரம் ஓடத் தொடங்கும். தடித்த அடிக்குரலில் ஒரே சீராக வந்தால் 50 ஹெர்ட்ஸ், அது எர்த் லூப். பிசிறடித்த ரீங்காரமாக வந்தால் அடாப்டரோ எல்இடி டிம்மரோ.

தீர்வுகளில் முதல் விருப்பம், மேசைக்கான மின்சாரத்தையும் வேனிலிருந்தே இழுப்பது. முடியாவிட்டால் லைன் அளவில் போகும் ஒலிக்கு 1:1 ஐசலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். லைன் கேபிளில் வாங்கும் முனையில் 1-ஆம் பின்னை விட்டுவிடுவதும் உதவும். ஆனால் பேன்டம் போகும் மைக் கேபிளில் அதைச் செய்தால், மேலே சொன்னபடி மைக் அணைந்துவிடும். டான்டே (ஒலியை நெட்வொர்க் கேபிளில் அனுப்பும் முறை) கன்சோலில் ஷீல்டு இல்லாத சாதாரண யுடிபி கேபிள் போட்டால் ஈதர்நெட்டின் டிரான்ஸ்ஃபார்மர்களே லூப்பைத் துண்டித்துவிடும். ஷீல்டு உள்ள கேபிளை ‘தரமானது’ என்று நினைத்துப் போட்டால் லூப் திரும்ப வரலாம்.

செய்யவே கூடாத ஒன்று: பவர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது, அல்லது இரண்டு பின் மாற்றியைப் போடுவது. ஹம் போகும், உண்மைதான். கூடவே கருவிக்குள் பழுது வந்தால் மின்சாரம் தரைக்குப் போகும் வழியும் போகும். வர்ணனையாளர் உலோக மைக்கில் உதடு வைத்துப் பேசுகிறவர், கை இரும்புக் கைப்பிடியில் இருக்கும். மைக் வலையில் உதடு பட்டால் சுருக்கென்கிறது என்று அவர் சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அறையின் சாக்கெட்டில் எர்த் இல்லை என்பதற்கு அது நேரடி அறிகுறி. எலக்ட்ரீஷியனை வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஃபேசுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வர வேண்டிய இடத்தில் 110, 120 என்று ஏதாவது காட்டினால் எர்த் கம்பி எங்கும் போய்ச் சேரவில்லை. அதைச் சரிசெய்யும் வரை அந்த மேசையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். ஒளிபரப்பு தாமதமாகட்டும்.

வெளியே குரல் போகிறது, காதில் எதுவும் இல்லை

நிகழ்ச்சி ஒலியும் இயக்குநரின் குறுக்கீடும் வர்ணனையாளர் காதுக்கு வரும் வழி ஐஎஃப்பி. அதில் ‘வெட்’, ‘டிரை’ என்று இரண்டு உண்டு. டிரை என்றால் வெறும் ஒலி. வெட் என்றால் ஒலியோடு சுமார் 30 வோல்ட் டிசியும் வரும், இடுப்பில் மாட்டும் பெட்டி அதில்தான் இயங்கும். வெட் எதிர்பார்க்கும் பெட்டிக்கு டிரை லைன் வந்தால் காது அமைதி. மீட்டரில் 1-க்கும் 2-க்கும் நடுவே பாருங்கள், டிசி இருந்தால் வெட்.

ஆபத்து என்னவென்றால், இந்த வெட் லைனும் மைக் கேபிளும் அதே மூன்று பின் எக்ஸ்எல்ஆரில் வருகின்றன. பேன்டம் இரண்டு காலிலும் சமமாக இருக்கும். ஐஎஃப்பியிலோ 2-ஆம் பின்னில் மட்டும் வோல்டேஜ் இருக்கும், அதுவும் கணிசமான கரன்ட் தரும் சப்ளை. அதை மைக் இடத்திலோ லைன் இடத்திலோ செருகினால் கருவி சேதமாகலாம். இரு முனையிலும் வேறு வேறு நிற டேப் சுற்றுங்கள், எழுத்திலும் எழுதுங்கள். செருகும் பையன் புதியவராக இருக்கலாம், அறையில் வெளிச்சம் குறைவாக இருக்கலாம்.

ஒரு காதில் மட்டும் கேட்டால் ஹெட்போன் பிளக் முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது ஸ்டீரியோ இடத்தில் மோனோ பிளக் இருக்கிறது. பல கன்சோல்களில் இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு வேறொன்று என்று வேண்டுமென்றே பிரித்தும் வைத்திருப்பார்கள். ஆகவே பழுது என்று முடிவு செய்யும் முன் இரண்டு திருகியையும் திருப்பிப் பாருங்கள்.

டான்டே: எல்லாம் பச்சை, ஒலி மட்டும் இல்லை

லேப்டாப்பில் கன்சோலே தெரியவில்லை என்றால் ஐபி முகவரி. டிஹெச்சிபி (முகவரியைத் தானாகப் பங்கிடும் வசதி) இல்லாத நெட்வொர்க்கில் கன்சோல் தானாக 169.254 என்று தொடங்கும் முகவரியை எடுத்துக்கொள்ளும். லேப்டாப்பில் யாரோ 192.168 என்று கையால் போட்டிருந்தால் இரண்டும் சந்திக்காது. தானியங்கியாக மாற்றுங்கள், லேப்டாப்பின் வைஃபையையும் அணையுங்கள்.

பச்சை டிக் விழவில்லையா, சாம்பிள் ரேட் பாருங்கள். ஒன்று 48 கிலோஹெர்ட்ஸ், மற்றது 44.1 என்றால் சேராது. டிக் இருந்தும் இடையிடையே ‘டிக்... டிக்’ என்று வெட்டினால் சுவிட்சின் மின்சிக்கன வசதியை அணையுங்கள். மெனுவில் ‘ஈஈஈ’ அல்லது ‘கிரீன் ஈதர்நெட்’ என்று இருக்கும். அது போர்ட்டைத் தூங்க வைத்து எழுப்புவதில் கடிகாரம் தடுமாறும்.

காஃப் பட்டனை அழுத்தினால் ‘டப்’

கன்சோலுக்குள்ளேயே இருக்கும் காஃப் பட்டனில் இது அநேகமாக வராது. மைக் கேபிளின் நடுவே செருகும் தனி ஸ்விட்ச் பெட்டியில்தான் வரும். கம்பியைத் துண்டித்து அணைக்கும் ஸ்விட்ச் என்றால் ஒவ்வொரு முறையும் பேன்டமும் சேர்ந்து அறுகிறது, அந்தத் திடீர் மாற்றம்தான் ‘டப்’. 2-ஐயும் 3-ஐயும் ஒன்றோடொன்று இணைத்து அணைப்பதே சரியான முறை. இரண்டிலும் ஒரே வோல்டேஜ் இருப்பதால் சத்தமில்லாமல் குரல் மட்டும் நிற்கும், மைக்குக்கு மின்சாரமும் தொடரும். பெட்டியைத் திறந்து இரண்டு கம்பியை மாற்றிச் சால்டர் செய்தால் சரியாகிவிடும்.

நேரலைக்கு ஐந்து நிமிடம்தான் இருக்கிறது

கன்சோலை விட்டுவிடுங்கள். கை மைக்கை எடுத்து, நல்ல கேபிளில் மிக்சருக்கு நேராகப் போடுங்கள். டைனமிக் மைக்கானதால் மூன்று மின்சாரத்தில் இரண்டைப் பற்றிய கவலை போய்விடும். இயக்குநர் குரலுக்கு வர்ணனையாளரின் செல்போனில் அழைத்து ஒரு காதில் இயர்போன் மாட்டச் சொல்லுங்கள். காஃப் பட்டன் இருக்காது, மைக்கை விலக்கிப் பிடித்து இருமச் சொல்லுங்கள். மேலே உள்ள சோதனைகளை இடைவேளையில் செய்யலாம்.